ஆறாம் வகுப்பு ஒன்றுசேர எது உதவும்: நட்சத்திர அட்டவணையா, பாராட்டா, பொறுப்புப் பகிர்வா?

ஜூன் மாதத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் பெரும்பாலும் ஊர்வாரியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு நான்கைந்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு பெஞ்சு. பழைய பள்ளியில் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக இருந்து, டீச்சர் வீட்டு விசேஷம் வரைக்கும் தெரிந்துவைத்திருந்த பிள்ளை, இங்கே நாற்பது பேருக்கு நடுவில் பெயர் தெரியாத ஒருத்தி. வாய் திறந்து சந்தேகம் கேட்பதற்கே அவளுக்கு ஆடி மாதம் ஆகிவிடும்.

இந்த நாற்பது பேரையும் ஒரு வகுப்பாகச் சேர்க்க வேண்டியது வகுப்பாசிரியர். அடித்து அடக்குகிற வழிக்குச் சட்டத்தில் இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. சரி, அன்பாக நடத்துங்கள், ஊக்கப்படுத்துங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் சார்ட் ஒட்டச் சொல்கிறார், இன்னொருவர் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார், மூன்றாமவர் பெட்டி வைக்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யப் போனால் எதுவும் ஜூலையைத் தாண்டாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒவ்வொன்றையும் எடைபோட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பாட நேரத்தில் எவ்வளவு போகும்? வகுப்பிலேயே கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு இதில் என்ன கிடைக்கும்? ஆசிரியர் விடுப்பில் போகிற நாளில் இதில் என்ன மிஞ்சும்? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஆசிரியர் இருக்கும்வரை ஒழுங்காகவும், அவர் போனதும் சண்டையாகவும் இருக்கிற இடத்தில் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்லுறவு இருக்கலாம். பிள்ளைகளுக்குள் இன்னும் எதுவும் உண்டாகவில்லை.

நட்சத்திர அட்டவணை

எல்லோருக்கும் தெரிந்த வழி. சார்ட் பேப்பரில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பெயர்கள், எதிரே கட்டங்கள். வீட்டுப்பாடம் செய்தால், சக மாணவருக்கு உதவினால், அமைதியாக இருந்தால் ஒரு ஸ்டார் அல்லது ஸ்மைலி. தொடங்குவது சுலபம், முதல் இரண்டு வாரம் வகுப்பே துள்ளும். ஸ்டிக்கர் செலவு ஆசிரியர் பையிலிருந்து போகும், அதுவும் பெரிய தொகை இல்லை.

ஆகஸ்டில் அந்தச் சார்ட்டைப் பாருங்கள். ஏழெட்டு வரிசைகள் கட்டம் கொள்ளாமல் நிறைந்திருக்கும். கீழே சில பெயர்களுக்கு எதிரே இரண்டு, மூன்று. ஒருவன் பெயருக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. அந்த ஒருவன் நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிற அவன் அம்மாவும் பார்க்கிறார். ஊக்கப்படுத்த ஒட்டிய தாள் தரவரிசைப் பட்டியலாகிவிடுகிறது. மென்மையான பெயர் வைத்தாலும் இதை மறைக்க முடியாது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்கள் உண்டு. எது மேலே, எது கீழே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கிப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண நேரத்தில் கவனித்தபோது, முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்ற இரு குழுக்களைவிடப் பாதி அளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

உதவி செய்வதற்கு ஸ்டார் என்று அறிவித்துவிட்டால் நம் வகுப்பிலும் இதேதான். "மிஸ், நான் அவளுக்கு ரப்பர் குடுத்தேன், ஸ்டார் போடுங்க." ரப்பர் கொடுத்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் கண் ரப்பர் வாங்கியவள் முகத்தில் இல்லை, ஆசிரியரின் ஸ்டிக்கர் தாளில் இருக்கிறது. ஆசிரியர் வராத நாளில் ரப்பர் கொடுக்க அவளுக்குக் காரணம் ஏதும் இல்லை.

அட்டவணையை அடியோடு தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில், தண்ணீர் பாட்டில் கொண்டுவருவது, பையை ஒழுங்காக வைப்பது போன்ற சின்னப் பழக்கங்களை மூன்று வாரத்துக்குள் படியவைக்க அது நன்றாகவே வேலை செய்யும். பழக்கம் படிந்ததும் சார்ட்டைக் கழற்றிவிட வேண்டும். அன்புக்கும் உதவிக்கும் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குழுப் புள்ளிகள்

ரோஜா, தாமரை, மல்லி என்று வகுப்பைப் பிரித்துக் கரும்பலகை ஓரத்தில் புள்ளி போடுவது. தனிப் பிள்ளையின் பெயர் தெரியாது என்பது ஒரு நன்மை. இதன் ஒரு வடிவம் 1969-இல் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் சோதிக்கப்பட்டு, பிறகு பல நாடுகளுக்குப் போன 'நல்நடத்தை விளையாட்டு'. அதில் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒரு விதி உண்டு: குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் தவறுகள் இருந்தால் இரண்டு அணியுமே ஜெயிக்கும். நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு அணிதான் ஜெயிக்கும். தோற்ற அணி இடைவேளையில் என்ன செய்யும்? "உன்னாலதான் போச்சு" என்று ஒருவனைச் சுற்றிக்கொள்ளும். அந்த ஒருவன் எப்போதும் ஒரே ஆளாகத்தான் இருப்பான்.

செய்வதானால் எல்லா அணியும் ஜெயிக்கும்படி வையுங்கள். ஊர்வாரியான குழு மட்டும் கூடவே கூடாது.

ஆசிரியரின் பாராட்டு

காசு இல்லை, தனி நேரம் இல்லை, எந்த வகுப்பிலும் முடியும். அதனால் இது விருப்பத்தேர்வே அல்ல, எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே இருக்க வேண்டியது. ஆனால் எந்தப் பாராட்டு என்பதில் ஏகப்பட்ட வித்தியாசம்.

நம் வகுப்புகளில் பாராட்டு என்றால் இரண்டு வடிவம்தான்: "வெரி குட்", "எல்லாரும் கைதட்டுங்க". இரண்டிலும் எதற்காக என்பது இல்லை. பதில் சொன்ன பிள்ளைக்கு, பதில் சரி என்பதற்கு மேல் எதுவும் போய்ச் சேராது. "நேத்து உனக்கு வராத கழித்தல் கணக்கை இன்னைக்குக் கடன் வாங்குற இடத்துல நிறுத்தி யோசிச்சுப் போட்டிருக்கே" என்றால் அந்தப் பிள்ளைக்குத் திரும்பச் செய்ய ஒரு வழி தெரிகிறது. முதல் பாராட்டுக்கு ஒரு விநாடி, இரண்டாவதுக்கு ஆறு விநாடி. செலவு அவ்வளவுதான்.

1998-இல் முல்லர், டுவெக் இருவரும் அமெரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஆசிரியர்களிடையே பிரபலம். புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். அடுத்து எல்லோருக்கும் கடினமான புதிர்கள், அதில் எல்லோரும் திணறினார்கள். பிறகு பழைய அளவில் மூன்றாவது தொகுப்பு. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட மோசமாக. தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் இவர்களில்தான் அதிகம். பின்னர் இதே சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு இவ்வளவு வலுவான முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் 'அறிவாளி' என்று கூப்பிட்டுப் பழக்கிய பிள்ளை தெரியாத கணக்குக்குக் கை தூக்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நல்ல மனசோடு நாம் செய்கிற தவறு. கூச்சமுள்ள, தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளையைப் பார்த்தால் நமக்கு மனசு இளகி, கொஞ்சம் கூட்டியே புகழ்வோம். "அடடா, என்ன அற்புதமான படம்!" நெதர்லாந்தில் 2014-இல் புரூமல்மன் குழுவினர் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். படம் வரைந்த பிள்ளைக்கு ஒரு ஓவியர் எழுதியதாகச் சொல்லிக் குறிப்பு கொடுத்தார்கள்: சிலருக்கு மிகைப்படுத்தி, சிலருக்கு அளவாக. அடுத்து எளிய படமா, கடினமான படமா என்று கேட்டபோது, தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளில் மிகைப்புகழ் பெற்றவர்கள் கடினமானதைத் தவிர்த்தார்கள். அடுத்த முறையும் அதே 'அற்புதம்' வர வேண்டுமே என்ற பயம் அவர்களுக்கு. கூச்சமுள்ள பிள்ளைக்கு அளவான, குறிப்பான, மெதுவாகப் பக்கத்தில் போய்ச் சொல்கிற பாராட்டுதான் தாங்கும்.

பாராட்டுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1968-இல் மேட்சன் குழுவினர் ஒன்றாம் வகுப்பில் கவனித்தார்கள்: ஆசிரியர் 'உட்காரு' என்று அதிகமாகச் சொன்ன நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் அதிகமானார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பாராட்டியபோது எழுந்தவர்கள் குறைந்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது கவனம். அது எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

என் மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பார்க்கிறேன். நேரம் போகாது. கடைசிப் பிள்ளைக்கும் கிடைக்கும், ஆனால் ஆசிரியர் கணக்கு வைத்துக்கொண்டால்தான். நாற்பது பேரில் யாருக்கு இந்த வாரம் ஒன்றுமே சொல்லவில்லை என்று பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வியில்தான் பாராட்டு தோற்கிறது. அது ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையிலிருந்து பிள்ளைக்குப் போக வேண்டியது இன்னும் பாக்கி.

வாசலில் வணக்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பீரியடுக்கு ஆசிரியர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பது. 2007-இல் ஆல்டே, பகுரார் என்ற இருவர் தொந்தரவு செய்கிறவர்கள் என்று பெயரெடுத்த மூன்று மாணவர்களிடம் இதை மட்டும் செய்து பார்த்ததில், பாடத்தின் முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் கவனித்த நேரம் 45 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாகக் கூடியது. மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிரேயர் முடிந்து வரிசையாக உள்ளே வரும்போது இரண்டு நிமிடம் போதும். ஆறாம் வகுப்பில் ஜூன் மாதம் இதற்கு ஒரு கூடுதல் பயன் உண்டு: ஆசிரியர் நாற்பது பெயரையும் பத்து நாளில் கற்றுக்கொள்வார், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு மற்றவர் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

நன்றிப் பெட்டி

சாக்பீஸ் பெட்டியிலோ ஷூ பெட்டியிலோ ஒரு பிளவு. யார் தனக்கு என்ன நல்லது செய்தார்கள் என்று பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் படிப்பது. 'சத்துணவுல எனக்கு முட்டை கீழ விழுந்துச்சு அவ பாதி குடுத்தா' என்று எழுத்துப் பிழையோடு வரும் சீட்டைப் படிக்கும்போது அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்கு முதல் முறையாகத் தெரியவரும். இது ஸ்டார் சார்ட்டுக்கு நேர் எதிர்: உதவி செய்தவர் கேட்பதில்லை, உதவி பெற்றவர் சொல்கிறார்.

கனடாவின் வான்கூவரில் நடந்து 2012-இல் வெளியான ஒரு ஆய்வும் இந்தப் பக்கம் நிற்கிறது. 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நல்ல காரியம் செய்யச் சொன்னார்கள். மற்றவர்களை மூன்று இடங்களுக்குப் போய்வரச் சொன்னார்கள். இரு பக்கமும் பிள்ளைகளின் மகிழ்ச்சி கூடியது. ஆனால் நல்ல காரியம் செய்தவர்களைத்தான் வகுப்பில் அதிகம் பேர் 'இவரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்' என்று குறித்தார்கள்.

பெட்டியில் ஆபத்தும் இருக்கிறது. எந்தச் சீட்டிலும் பெயர் வராத பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று வாரம் தொடர்ந்து பெயர் வராவிட்டால் அது ஸ்டார் சார்ட்டின் காலிக் கட்டத்தைவிட வலிக்கும், ஏனென்றால் இங்கே மறந்தது ஆசிரியர் அல்ல, நாற்பது பிள்ளைகள். இதற்கு ஒரு வழி உண்டு. திங்கட்கிழமை ஒவ்வொருவரும் ஒரு பெயர்ச் சீட்டைக் குலுக்கி எடுத்து, அந்த வாரம் முழுவதும் அந்த ஒருவரைக் கவனித்து, அவர் செய்த ஒன்றை எழுத வேண்டும். நாற்பது பெயருக்கு நாற்பது சீட்டு, யாரும் விடுபடமாட்டார்கள். சீட்டை எல்லோர் முன்னாலும் படிக்காமல் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதத் தடுமாறுகிற பிள்ளை படம் வரைந்தாலும் சரி.

புகார் எழுதும் இடமாக இதை ஆக்கிவிடக் கூடாது. புகாருக்குப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி தனியாக இருக்கிறது, 1098, 14417 என்ற உதவி எண்களும் இருக்கின்றன. சாதிப் பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் ஏசியதும், கை வைத்ததும் நன்றிச் சீட்டால் தீர்கிற விஷயமே அல்ல. அன்றே தலைமை ஆசிரியர் மேசைக்குப் போக வேண்டியவை.

வட்டமாக உட்கார்ந்து பேசுவது

கேட்க மிக அழகான யோசனை. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' கொண்டுவந்து, அன்றாடம் ஒரு பீரியடையே அதற்கு ஒதுக்கினார்கள். மன ஒருமைப்பாடு, கதை, செயல்பாடு, கலந்துரையாடல். கால அட்டவணையிலேயே இடம் இருந்தால் இது வேரூன்ற வாய்ப்பு உண்டு.

நம் ஆறாம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் ஒரு பீரியட் முடிந்தது. அதில் முப்பத்தொன்பது நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் சும்மா உட்கார்ந்திருக்கும். பெஞ்சை ஓரம் தள்ளினால்தான் வட்டமே வரும்; பல அறைகளில் தள்ளவும் இடமில்லை. தவிர, ஒருவரையொருவர் அறியாத ஜூன் மாதத்தில் 'உன் மனசுல உள்ளதைச் சொல்லு' என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? சொன்னாலும், வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறார் என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்ட பிள்ளைக்கு மறுநாள் என்ன பாதுகாப்பு? பயிற்சி இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். எட்டுப் பேர் கொண்ட குழுவில், 'நேத்து சாயங்காலம் என்ன விளையாடினே' என்ற அளவில் ஐந்து நிமிடம் பேசவைத்தால் போதும்.

பொறுப்பும் கூட்டு வேலையும்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் தேர்வு இதுதான்.

இப்போது நம் வகுப்புகளில் பொறுப்பு என்றால் கிளாஸ் லீடர். ஆசிரியர் வெளியே போனால் லீடர் கரும்பலகையில் 'பேசுபவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவார். பிடிக்காதவன் பெயர் முதலில் வரும், நண்பன் பெயர் வரவே வராது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, இரண்டு, மூன்று. ஆசிரியர் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலின்படி விசாரணை. ஆசிரியர் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அன்பான வகுப்பு வேண்டும் என்பவர் முதலில் அழிக்க வேண்டியது இந்தப் பட்டியலை.

அதற்குப் பதில் சின்னச் சின்ன வேலைகள், எல்லோருக்கும், முறைவைத்து. ஜப்பானியப் பள்ளிகளில் அன்றாடம் ஒன்றிரண்டு பேர் அன்றைய பொறுப்பாளர்கள். வகுப்பைத் தொடங்கிவைப்பது முதல் அன்றைய குறிப்பேடு எழுதுவது வரை அவர்கள் வேலை, முறை மாறி எல்லோருக்கும் வரும். இதை நாமும் செய்யலாம். விடுப்பில் இருந்தவருக்கு அன்றைய பாடக் குறிப்பை எடுத்துக் கொடுப்பவர், தேதியும் வருகையும் பலகையில் எழுதுபவர், நூலகப் புத்தகங்களைக் கணக்குப் பார்ப்பவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுபவர், நோட்டு வாங்கி அடுக்குபவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம்.

பார்த்தால் வேலைப் பங்கீடு மாதிரிதான் தெரியும், பாராட்டோ அன்போ பெயரளவில்கூட இதில் இல்லை. ஆனால் விடுப்பில் இருந்து திரும்புகிற பிள்ளைக்கு, இரண்டு நாள் பாடத்தை எழுதி வைத்துக்கொண்டு ஒரு ஆள் காத்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார். எழுதி வைத்த பிள்ளைக்கும் 'நான் இல்லாம முடியாது' என்ற பெருமை. நட்பை நாம் உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. ஒருவருக்கொருவர் தேவைப்படுகிற சூழலை உண்டாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பொறுப்புகள் பதிவேட்டு எண் வரிசைப்படிதான் சுழல வேண்டும், ஆசிரியர் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. துடைப்பம் எப்போதும் சில பிள்ளைகள் கையிலும், சாவிக்கொத்தும் மார்க் பட்டியலும் எப்போதும் வேறு சில பிள்ளைகள் கையிலும் இருந்தால் அந்த வகுப்பு எதைக் கற்றுக்கொள்கிறது என்று நமக்குத் தெரியும். கழிப்பறைச் சுத்தம் பிள்ளைகளின் பொறுப்பே அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அகர வரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்கவும் பரிந்துரைத்தது. எங்கே, யார் பக்கத்தில், யாருடைய தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது நம் மண்ணில் சாதாரண விஷயம் இல்லை. அகர வரிசை இருக்கைக்கு ஒரு பைசா செலவில்லை, ஜூன் இரண்டாம் வாரத்திலேயே செய்துவிடலாம்.

பாடத்துக்குள்ளும் இதே கொள்கையைக் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், தனித்தனியாகப் படித்துவந்த வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது சண்டை வெடித்தது. எலியட் ஆரன்சனும் அவர் மாணவர்களும் அங்கே கொண்டுவந்த முறைக்கு 'ஜிக்சா' என்று பெயர். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாருக்கும் முழுப் பாடம் கிடைக்காது.

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து துண்டு: தெருக்களும் வடிகாலும், மொகஞ்சதாரோவின் பெருங்குளம், லோத்தலும் வணிகமும், முத்திரைகளும் எழுத்தும், உடையும் உலோகமும். நாற்பது பேருக்கு எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர், கணக்குச் சரி. முதலில் ஒரே துண்டு கிடைத்த எட்டுப் பேரும் ஒன்றுகூடி அதைச் சேர்ந்து படித்து, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை இங்கேதான் பிழைத்துக்கொள்ளும். பெருங்குளத்தின் செங்கல் இடுக்கில் தண்ணீர் கசியாமல் ஜிப்சமும் தாரும் பூசினார்கள் என்பதை மற்ற ஏழு பேரிடம் கேட்டு வைத்துக்கொண்டு தன் குழுவுக்குத் திரும்பும்போது, அவனுக்குத் தெரிந்த ஒன்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது. வாய் திறக்காத பிள்ளையைப் பார்த்து மற்ற நால்வரும் "சொல்லுடா, எழுதணும்" என்பார்கள். அதுவரை அவனிடம் பேசவேண்டிய தேவையே அவர்களுக்கு வந்திருக்காது.

குறைகளும் உண்டு. ஒரு பாடத்துக்கு ஒரு பீரியட் கூடுதலாகப் பிடிக்கும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கெட்டிக்காரப் பிள்ளை பொறுமையிழந்து மற்றவர் துண்டையும் தானே சொல்லப் பார்க்கும். மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பாடத்திட்டம் இடம் தராது, இரண்டே போதும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆசிரியர் விடுப்பில். பொறுப்பாளர் வருகையைப் பலகையில் எழுதிவிட்டார், நேற்று வராதவள் கையில் குறிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, சப்ஸ்டிட்யூஷனுக்கு வந்த ஆசிரியரிடம் எங்கே விட்டோம் என்று ஒருவர் எழுந்து சொல்கிறார். மற்ற வழிகளில் எதுவும் இந்த அளவுக்கு ஆசிரியர் இல்லாமல் ஓடாது.

அப்போ எதை, எப்போது?

ஆறாம் வகுப்புக்கு நான் சொல்வது இந்த வரிசை. ஜூன் முதல் நாளிலிருந்து வாசல் வணக்கமும், குறிப்பான பாராட்டும். இரண்டாம் வாரம் அகர வரிசை இருக்கை, 'பேசுபவர்கள்' பட்டியலுக்கு விடை. ஜூலையில் பொறுப்புச் சுழற்சி. முதல் சுற்றில் வேலைகள் தவறிப்போகும், நோட்டு தொலையும், செடி வாடும், பரவாயில்லை, இரண்டாம் சுற்றில் பிள்ளைகளே நினைவூட்டிக்கொள்வார்கள். ஆகஸ்டில் முதல் ஜிக்சா. குலுக்கல் முறையில் நன்றிச் சீட்டைக் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு தொடங்கினால் போதும்; அதற்குள் எழுதுவதற்கு அவர்களிடம் விஷயம் சேர்ந்திருக்கும். ஸ்டார் சார்ட் வேண்டாம். ஸ்டிக்கர் வாங்கி வைத்திருந்தால், எதிர்பாராத நாளில், எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று ஒட்டிவிடுங்கள்.

வேறு இடங்களில் வேறு முடிவு வரும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் ஜிக்சா நடக்காது. ஜோடியாகப் படிப்பதும், சின்னப் பொறுப்புகளும், குறுகிய கால ஸ்மைலியும் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டுவது சில பிள்ளைகளுக்கு வினையாகவே முடியும், நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். நோட்டில் திருத்தும்போது சிவப்பு மைக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அதை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதே மிகச் சிறந்த பொறுப்பு.

வகுப்பாசிரியராக இல்லாமல் நாளுக்கு ஒரு பீரியட் மட்டும் வந்துபோகும் பாட ஆசிரியருக்கு இருக்கையும் பொறுப்புச் சுழற்சியும் கையில் இல்லை. அவருக்கு இரண்டு வழிதான் மிச்சம்: பதிவேட்டு ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு குறிப்பான பாராட்டு, மாதம் ஒரு ஜிக்சா. கணக்கு ஆசிரியருக்கு ஜிக்சா சரிவராத பாடங்களில், ஒரே கணக்கை இரண்டு வேறு வழியில் போட்ட இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் வழியை மற்றவர் பலகையில் விளக்கச் சொல்லலாம். பத்து நிமிடம் ஆகும்.